டியூக் எலிங்டன்: வாழ்வும் இசையும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞரும் இசைக்குழுத் தலைவருமான டியூக் எலிங்டனைப் புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. ஜாஸ் பற்றி முன்னறிவு எதுவும் வேண்டியதில்லை.

டியூக் எலிங்டன் யார்? அவருக்கு ஏன் இவ்வளவு பெரிய இடம்?

1899 ஏப்ரல் 29 அன்று வாஷிங்டன் நகரில் பிறந்து, 1974 மே 24 அன்று நியூயார்க்கில் மறைந்த எட்வர்ட் கென்னடி எலிங்டன், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஒரே இசைக்குழுவை நடத்தியவர். அந்தக் குழு வாசிப்பதற்காகவே ஆயிரத்துக்கும் மேற்பட்ட உருப்படிகளை எழுதியவர். நடனத்துக்கு வாசித்த குழுக்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ இருந்தன. அவற்றில் சில எலிங்டனின் குழுவைவிட அதிகமாகச் சம்பாதிக்கவும் செய்தன. எலிங்டனைத் தனித்துக் காட்டுவது அவர் எழுதிய முறைதான். பிறர் ‘இரண்டாம் டிரம்பெட்’, ‘மூன்றாம் சாக்சபோன்’ என்று தலைப்பிட்டு எழுதிய இடத்தில், அவருடைய கையெழுத்துப் படிகளில் வாசிப்பவரின் பெயரே இருக்கும். அவர் எழுதியது வாத்தியத்துக்காக அன்று, அதை ஊதும் ஆளுக்காக. ஒருவருடைய மூச்சு, உரப்பு, பிடிவாதம், அவர் எந்தச் சுரத்தில் நடுங்குவார், எதில் மிடுக்காக நிற்பார் என்பதையெல்லாம் அறிந்து, அதற்கேற்பவே மெட்டை அமைத்தார். கீழே வரும் பதில்கள் பலவற்றில் இந்தச் செய்தி திரும்பவும் தலைகாட்டும்.

‘டியூக்’ என்ற பெயர் எப்படி வந்தது?

பள்ளிப் பருவத்து நண்பர் ஒருவர் இட்ட பட்டப்பெயர். மிடுக்கான உடையும், எவரிடமும் நயமாகப் பேசும் பழக்கமும் சிறுவயதிலேயே அவரிடம் இருந்தன. தந்தை ஜேம்ஸ் எட்வர்ட் வசதியான வெள்ளையர் வீட்டில் பட்லராகப் பணியாற்றியவர். தம் வீட்டிலும் அதே ஒழுங்கைக் கடைப்பிடித்தவர். தாய் டெய்சி மகனை அளவற்ற செல்லத்துடன் வளர்த்தார். 1935-இல் தாய் இறந்தபோது எலிங்டன் அடைந்த துயரம், ‘ரெமினிசிங் இன் டெம்போ’ என்ற, இசைத்தட்டின் நான்கு பக்கங்களை நிறைத்த நீண்ட உருப்படியாக வெளிப்பட்டது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் என்பதே வணிக வழக்கமாக இருந்த காலத்தில் அது பெரிய துணிச்சல்.

முறையாக இசை பயின்றவரா?

சிறுவயதில் பியானோ வகுப்புக்கு அனுப்பப்பட்டார். ஆனால் பேஸ்பால் ஆட்டத்தின் மீதுதான் நாட்டம் இருந்தது. பதின்பருவத்தில், வாஷிங்டனின் பில்லியர்ட்ஸ் கூடங்களில் வாசித்துவந்த பியானோ கலைஞர்களைப் பார்த்த பிறகே உண்மையான ஆர்வம் பிறந்தது. ஒரு சோடாக் கடையில் வேலை பார்த்தபோது, ஏறத்தாழ 1914-இல், ‘சோடா ஃபவுண்டன் ராக்’ என்ற முதல் உருப்படியை அமைத்தார். கையில் சரக்கு குறைவு என்பதால் அதே உருப்படியை ஒரு முறை வால்ட்ஸாகவும், மறுமுறை டாங்கோவாகவும், பிறகு ஃபாக்ஸ் டிராட்டாகவும் என வெவ்வேறு நடன வகைகளில் வாசித்துவிடுவாராம். கேட்டவர்கள் வெவ்வேறு உருப்படிகள் என்றே நம்பினார்கள்.

அவர் பியானோ கற்ற விதம் கவனிக்கத்தக்கது. துளையிட்ட காகிதச் சுருளைப் போட்டால் தானே வாசிக்கும் பியானோக்கள் அன்று புழக்கத்தில் இருந்தன. பியானோ கலைஞர் ஜேம்ஸ் பி. ஜான்சன் வாசித்த ‘கரோலினா ஷவுட்’ சுருளைப் போட்டு, அதன் வேகத்தைக் குறைத்து, தாமாகவே கீழிறங்கும் கட்டைகளின்மீது தம் விரல்களைப் பொருத்திப் பொருத்தி அந்த உருப்படியை எலிங்டன் மனப்பாடம் செய்தார். ஓவியத்திலும் அவருக்குத் திறமை இருந்தது. புரூக்ளினில் உள்ள பிராட் கல்லூரியில் ஓவியம் படிக்க உதவித்தொகை கிடைத்தும் மறுத்துவிட்டு, விளம்பரப் பலகை எழுதும் தொழிலையும் நடன விருந்துகளுக்குக் குழு அமர்த்திக் கொடுக்கும் தொழிலையும் சேர்த்து நடத்தினார். பலகை எழுதித் தரக் கேட்டு வருபவரிடம் வாசிக்க ஆள் வேண்டுமா என்று விசாரிப்பதும், வாசிக்க அழைப்பவரிடம் பலகை வேண்டுமா என்று விசாரிப்பதும் அவர் வழக்கம். வியாபார மூளை அப்போதே இருந்தது.

காட்டன் கிளப் என்பது என்ன?

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், மதுவிலக்குக் காலத்தில், கள்ளச்சாராயக் கும்பல் தலைவர் ஓனி மேடன் நடத்திய இரவு விடுதி. மேடையில் ஆடுபவர்களும் வாசிப்பவர்களும் கறுப்பினத்தவர். பார்வையாளர்களாக வெள்ளையர்களுக்கு மட்டுமே அனுமதி. தோட்ட முதலாளிகள் கால அடிமை வாழ்வையும், கற்பனையான ‘காட்டு’ ஆப்பிரிக்காவையும் அலங்காரமாக வைத்து நடந்த காட்சிகள் அவை. 1923-இல் நியூயார்க் வந்து, ‘வாஷிங்டோனியன்ஸ்’ என்ற சிறு குழுவோடு வாசித்து, அடுத்த ஆண்டே அதன் தலைமையை ஏற்றிருந்த எலிங்டன், 1927 டிசம்பர் 4 அன்று இங்கே வாசிக்கத் தொடங்கினார். விடுதி முதலில் அணுகியது வேறொரு ஜாஸ் குழுத் தலைவரான கிங் ஆலிவரைத்தான். கூலி போதாது என்று அவர் மறுத்ததால் வாய்ப்பு எலிங்டனுக்கு வந்தது.

இழிவான அந்த ஏற்பாட்டுக்குள்ளும் இரண்டு பெரிய நன்மைகள் கிடைத்தன. விடுதியிலிருந்து வானொலியில் நிகழ்ச்சி நேரடியாக ஒலிபரப்பானது. நாடு முழுவதும் எலிங்டனின் பெயர் பரவியது. அதைவிட முக்கியமானது, நடனம், நாடகக் காட்சி, பாடல், இடைவேளை என்று புதிது புதிதாக எழுதியாக வேண்டிய கட்டாயம். எழுதியதை அன்றிரவே வாசித்துக் கேட்டு, மறுநாள் திருத்திக்கொள்ளும் வசதி வேறு எந்த இளம் இசையமைப்பாளருக்கும் அப்போது இருக்கவில்லை. 1931 வரை அங்கே இருந்தார்.

டிரம்பெட் மனிதக் குரலில் உறுமுவது போலக் கேட்கிறதே, அது எப்படி?

பப்பர் மைலி என்ற டிரம்பெட் கலைஞரும், ‘டிரிக்கி சாம்’ என்று அழைக்கப்பட்ட ஜோ நான்டன் என்ற டிராம்போன் கலைஞரும் குழுவுக்குக் கொண்டுவந்த உத்தி அது. சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டால் அழுத்தி எடுக்கப் பயன்படும் ரப்பர் கிண்ணத்தைக் கம்பிலிருந்து கழற்றி, அதை வாத்தியத்தின் வாயில் திறந்து மூடியபடியே ஊத வேண்டும். அதே நேரம் தொண்டைக்குள்ளும் உறும வேண்டும். கிண்ணம் விலகும்போது ‘வா’ என்றும், மூடும்போது ‘ஊ’ என்றும் ஒலி உருமாறும். ‘ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் டூடுல்-ஊ’ (1926), ‘பிளாக் அண்ட் டான் ஃபேன்டஸி’ (1927) ஆகியவற்றில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். விடுதி முதலாளிகள் இதைக் ‘காட்டு இசை’ என்று விற்றார்கள். ஆனால் கேட்டுப் பார்த்தால் அது ஒருவர் புலம்புவது போலவும், வாதாடுவது போலவும், கேலி செய்வது போலவும்தான் இருக்கிறது. 1929-இல் மைலி விலகியபோது அவர் இடத்துக்கு வந்த கூட்டி வில்லியம்ஸ், எவரும் கற்றுத்தராமலேயே, குழுவின் ஒலி அதைக் கேட்கிறது என்று உணர்ந்து இந்த உத்தியைக் கைக்கொண்டார்.

‘மூட் இண்டிகோ’ இவ்வளவு புகழ் பெற்றது எதனால்?

மூன்றே வாத்தியங்களை இடம் மாற்றி வைத்ததால். ஜாஸ் பிறந்த நியூ ஆர்லியன்ஸ் நகரின் மரபில் கிளாரினெட் உச்சத்தில் துள்ளும், டிரம்பெட் நடுவில் மெட்டைச் சொல்லும், டிராம்போன் கீழே தாங்கும். 1930-இல் பதிவான இந்த உருப்படியில் எலிங்டன் அந்த அடுக்கைக் குலைத்துவிட்டார். வாய் அடைத்த டிரம்பெட் மேலே மெல்லப் பாடுகிறது. அதற்கு ஒட்டினாற்போல், தன் இயல்பான இடத்தைவிட வெகு உயரத்தில், வாய் அடைத்த டிராம்போன் நிற்கிறது. கிளாரினெட்டோ அடிமட்டத்துக்கு இறங்கி, கனத்த மர ஒலியில் முனகுகிறது. மூன்றும் சேரும்போது எந்த ஒலி எதிலிருந்து வருகிறது என்று பிரித்தறிய முடியாத ஒரு நிறம் உண்டாகிறது. வானொலியின் ஒலிவாங்கியை மனத்தில் வைத்தே இதை எழுதியதாக எலிங்டன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். மெட்டில் கிளாரினெட் கலைஞர் பார்னி பிகார்டுக்கும் பங்கு உண்டு.

அப்படியானால் எல்லாப் பாடல்களும் அவரே எழுதியவை அல்லவா?

அல்ல, இது நேர்மையாகப் பேசப்பட வேண்டிய கேள்வி. குழுவினர் ஒத்திகையிலோ தனி ஆலாபனையிலோ உதிர்த்த சிறு இசைத் துணுக்கை எலிங்டன் பிடித்துக்கொள்வார். அதை வளர்த்து, இசைவு சேர்த்து, முழு உருப்படியாக்குவார். சில வேளைகளில் சிறு தொகை கொடுத்து வாங்கிக்கொள்வதும் உண்டு. ‘கேரவன்’ மெட்டு போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த டிராம்போன் கலைஞர் ஹுவான் டிசோலுடையது. போதாக்குறைக்கு, 1926 முதல் 1939 வரை மேலாளராக இருந்த இர்விங் மில்ஸின் பெயரும் பல பாடல்களில் இணையாசிரியர் என்று சேர்ந்துகொண்டது. எலிங்டனின் வருமானத்தில் கணிசமான பங்கு அவருக்குப் போயிற்று. தம்முடைய இசைத் துணுக்கிலிருந்து பிறந்த பாடலை எலிங்டன் மேடையில் வாசிக்கும்போது, ஆல்ட்டோ சாக்சபோன் கலைஞர் ஜானி ஹாட்ஜஸ் அவரைப் பார்த்து நோட்டு எண்ணுவது போல விரலை அசைத்துக் காட்டுவாராம்.

அந்த மனத்தாங்கல் நியாயமானதுதான். ஆயினும் குழுவை விட்டு வெளியேறிய பெரிய கலைஞர்கள் பலர் தனியே சென்று அதே உயரத்தை எட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஹாட்ஜஸ் 1951-இல் விலகித் தனிக்குழு நடத்தி, 1955-இல் திரும்பி வந்து, 1970-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

பில்லி ஸ்ட்ரேஹார்ன் யார்?

எலிங்டனின் எழுத்துத் துணைவர். பல இடங்களில் இருவரின் கையையும் பிரித்துச் சொல்வதே கடினம். பிட்ஸ்பர்க் நகரில் மருந்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே இசை பயின்ற ஸ்ட்ரேஹார்ன், 1938 டிசம்பரில், தம் 23-ஆம் வயதில், மேடைக்குப் பின்னால் எலிங்டனைச் சந்தித்து, அவர் சற்றுமுன் வாசித்த பாடலை முதலில் அவருடைய பாணியிலும் பிறகு தம் பாணியிலும் வாசித்துக் காட்டினார். அடுத்த ஆண்டு குழுவில் சேர்ந்தார். ஹார்லெமில் உள்ள வீட்டுக்கு எப்படி வர வேண்டும் என்று எலிங்டன் சொல்லியிருந்த வழிக்குறிப்பிலிருந்து, அதாவது சுரங்க ரயிலின் ‘ஏ’ தடத்தில் ஏறு என்பதிலிருந்து, பிறந்ததே ‘டேக் தி ஏ டிரெய்ன்’. 1941-இல் பாடலாசிரியர் உரிமைச் சங்கத்துக்கும் வானொலி நிலையங்களுக்கும் இடையே எழுந்த பூசலால், அச்சங்கத்தின் உறுப்பினரான எலிங்டனின் பாடல்கள் எதையும் ஒலிபரப்ப முடியாமல் போனது. அந்த நெருக்கடியில், உறுப்பினரல்லாத ஸ்ட்ரேஹார்னின் பாடல்கள் குழுவைக் காப்பாற்றின. இந்தப் பாடலே குழுவின் அடையாள இசையாகவும் நிலைத்தது.

தாம் தன்பாலீர்ப்பாளர் என்பதை அந்தக் காலத்திலேயே மறைக்காமல் வாழ்ந்த ஸ்ட்ரேஹார்ன், புகழ் வெளிச்சத்துக்கு வெளியே நின்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. எலிங்டன் பியானோ வாசிப்பவர்தான், ஆனால் அவருடைய உண்மையான வாத்தியம் அவருடைய குழு என்ற பலரும் திரும்பச் சொல்லும் கருத்து ஸ்ட்ரேஹார்னுடையது. 1967 மே மாதம் புற்றுநோயால் இறந்தார். அதே ஆண்டு எலிங்டன் அவருடைய படைப்புகளை மட்டும் வைத்து ஓர் அஞ்சலித் தொகுப்பைப் பதிவு செய்தார். மருத்துவமனையில் இருந்தபடி ஸ்ட்ரேஹார்ன் முடித்த ‘பிளட் கவுன்ட்’ என்பதை அதில் ஹாட்ஜஸ் வாசித்திருக்கிறார். எலிங்டன் குழுவின் பதிவுகளில் அதைவிடக் கடுமையான ஒன்றை நான் கேட்டதில்லை.

பியானோ கலைஞராக அவர் எப்படிப்பட்டவர்?

விரல் வேகத்தில், அதற்கே பேர்போன பியானோ கலைஞர் ஆர்ட் டேட்டமுடன் ஒப்பிட முடியாது; அவரும் அதற்கு முயலவில்லை. குழுவோடு வாசிக்கும்போது ஓரிரு முரண்சுரங்களைக் குத்திவிட்டு ஒதுங்கிவிடுவார். அது வாசிப்பவரை எழுப்பிவிடும். பியானோ கலைஞர் தெலோனியஸ் மாங்க் போன்ற பிற்காலத்தவரிடம் நாம் காணும் கோணலான இசைவுகளும், இடைவெளி விட்டு அடிக்கும் பாணியும் எலிங்டனிடம் முன்பே இருந்தன. 1962-இல் பேஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸ், டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச் ஆகிய இரு இளையவர்களுடன் மூவராகப் பதிவுசெய்த ‘மணி ஜங்கிள்’ தொகுப்பைக் கேட்டால், 63 வயதுக்காரர்தான் அந்த அறையில் மிகவும் முரட்டுத்தனமாக வாசிக்கிறார் என்று தோன்றும்.

நிறவெறியை எப்படி எதிர்கொண்டார்?

பெரும்பாலும் பேச்சால் அன்று. 1930-களில் தென்மாநிலங்களில் பயணம் செய்தபோது, கறுப்பினத்தவருக்கு விடுதிகளில் அறை கிடைக்காது, உணவகங்களில் இடம் கிடைக்காது. எனவே குழுவுக்கென்று படுக்கை வசதி கொண்ட இரண்டு தனி ரயில் பெட்டிகளை வாடகைக்கு அமர்த்தி, ஊர்தோறும் நிலையத்தில் அவற்றை நிறுத்தி, அங்கேயே உண்டு உறங்கினார்கள். 1943 ஜனவரி 23 அன்று நியூயார்க்கின் புகழ்பெற்ற கார்னகி அரங்கில் முதன்முறையாக வாசித்தபோது, அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றை முக்கால் மணி நேர இசையாகச் சொல்லும் ‘பிளாக், பிரவுன் அண்ட் பெய்ஜ்’ என்ற படைப்பை அரங்கேற்றினார். அடிமைகளின் உழைப்புப் பாடலில் தொடங்கி, தேவாலயத்துக்கு வெளியே நின்று கேட்ட ஞாயிறு வழிபாடு, போர்கள், ஹார்லெம் வாழ்க்கை என்று அது விரிகிறது. விமர்சகர்கள் சிலர் இது ஜாஸும் இல்லை, செவ்வியல் இசையும் இல்லை என்று தள்ளினார்கள். அதன் பிறகு அதை முழுமையாக வாசிப்பதை எலிங்டன் ஏறக்குறைய கைவிட்டு, பகுதிகளாகவே வாசித்தார். அவரைக் காயப்படுத்திய வரவேற்பு அது என்றே நினைக்கிறேன்.

பெரிய குழுக்கள் எல்லாம் கலைந்தபோது இவருடையது மட்டும் எப்படி நிலைத்தது?

பாடல்களின் உரிமைத்தொகையால். போருக்குப் பின் நடனக் கூடங்கள் மூடப்பட்டன. 1950-இல், புகழ்பெற்ற மற்றொரு குழுத் தலைவரான கவுன்ட் பேசிகூடத் தம் குழுவைச் சுருக்க நேர்ந்தது. எலிங்டனோ ‘சாலிட்யூட்’, ‘சோஃபிஸ்டிகேட்டட் லேடி’ போன்ற பாடல்கள் ஈட்டித் தந்த பணத்தைக் குழுவின் சம்பளத்தில் கொட்டினார். எழுதியதை உடனே கேட்க வேண்டும் என்பதே அவர் சொன்ன காரணம். ஆனாலும் 1955 கோடையில் நியூயார்க்கில் ஒரு நீர்க்காட்சி நிகழ்ச்சிக்குப் பின்னணி வாசிக்கும் நிலைக்கு வந்துவிட்டார்.

1956 நியூபோர்ட் ஜாஸ் விழாவில் என்ன நடந்தது?

ஜூலை 7 இரவு, பார்வையாளர்களில் ஒரு பகுதியினர் கிளம்பத் தொடங்கியிருந்த நேரத்தில், 1937-இல் எழுதிய ‘டிமினுவெண்டோ அண்ட் கிரெசெண்டோ இன் புளூ’ என்ற இரட்டை உருப்படியை எடுத்தார்கள். இரண்டுக்கும் இடையே டெனர் சாக்சபோன் கலைஞர் பால் கொன்சால்வெஸ் விருப்பம் போல வாசிக்கலாம் என்று ஏற்பாடு. 12 பார், அதாவது 12 தாள அளவுகள், கொண்ட ப்ளூஸ் ஆவர்த்தனத்தை அவர் நிறுத்தாமல் 27 முறை சுற்றி வந்தார். சில சுற்றுகளிலேயே கறுப்பு உடை அணிந்த ஒரு பெண் எழுந்து ஆடத் தொடங்க, கூட்டம் நாற்காலிகளின்மீது ஏறிவிட்டது. கலவரம் வந்துவிடுமோ என்று விழா அமைப்பாளர் அஞ்சினார். அடுத்த மாதம் டைம் இதழின் அட்டையில் எலிங்டன் இடம்பெற்றார்.

இதில் ஒரு பின்கதை உண்டு. கொன்சால்வெஸ் தவறான ஒலிவாங்கியின் முன் நின்றதால், இசைத்தட்டு நிறுவனத்தின் பதிவில் அவர் வாசிப்பு தொலைவில் மங்கலாகவே விழுந்தது. மேலும், அன்று வெளிவந்த தட்டின் பெரும்பகுதி பின்னர் கலையகத்தில் மீண்டும் வாசிக்கப்பட்டு, செயற்கைக் கைதட்டல் சேர்க்கப்பட்டது. கொன்சால்வெஸ் எதன் முன்னால் நின்றாரோ அந்த ஒலிவாங்கி ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’ வானொலியுடையது. அந்த நாடா 1990-களில் கண்டெடுக்கப்பட்டு, இரண்டும் இணைக்கப்பட்ட முழுப் பதிப்பு 1999-இல் வந்தது. வாங்குபவர்கள் அதையே தேட வேண்டும்.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்திருக்கிறாரா?

ஆம். 1963-இல் அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஏற்பாட்டில் டமாஸ்கஸில் தொடங்கிய நீண்ட பயணத்தில் டெல்லி, ஹைதராபாத், பெங்களூர், மதராஸ், பம்பாய், கல்கத்தா, கொழும்பு ஆகிய நகரங்களும் இருந்தன. டெல்லியில் எலிங்டன் நோயுற்று மருத்துவமனையில் சேர நேர்ந்தது. நவம்பர் 22 அன்று, அங்காராவில் இருந்தபோது, அமெரிக்க அதிபர் கென்னடி கொல்லப்பட்ட செய்தி வர, எஞ்சிய பயணம் ரத்தானது.

இந்தப் பயணத்திலிருந்து பிறந்ததுதான் 1966 டிசம்பரில் பதிவான, பல பகுதிகள் கொண்ட ‘ஃபார் ஈஸ்ட் சூட்’. பெயர் தூரக் கிழக்கு என்றாலும், ஜப்பானைப் பற்றிய இறுதிப் பகுதியைத் தவிர மற்றவை பெரும்பாலும் மேற்கு ஆசியாவையும் நம் துணைக்கண்டத்தையும் நினைத்தவை. டெல்லியில் ஸ்ட்ரேஹார்னின் அறையருகே ஒரு மைனா விடாமல் பாடிய இசைத் துணுக்கை ஒரு பகுதியில் ஜிம்மி ஹாமில்டனின் கிளாரினெட் வாசிக்கிறது. சுற்றிலும் குழு எங்கெங்கோ போய் வந்தாலும் மைனா தன் பாட்டை மாற்றுவதில்லை. ‘ஆக்ரா’ என்ற பகுதியில் தாஜ்மகாலுக்கு ஹாரி கார்னியின் கனத்த பாரிட்டோன் சாக்சபோன் குரல் தரப்பட்டிருக்கிறது. சிதார், தபலா எதுவும் கிடையாது. கேட்டதை அப்படியே போலி செய்வதில் எலிங்டனுக்கு விருப்பம் இல்லை. ஈரானிய நகரின் பெயர் தாங்கிய, மிகவும் கொண்டாடப்படும் ‘இஸ்ஃபஹான்’ பகுதி, பயணத்துக்கு முன்பே வேறு பெயரில் ஸ்ட்ரேஹார்ன் எழுதி வைத்திருந்த மெட்டு என்பது, ஊர்ப் பெயர்களை நம்பி இசையில் ஊர் தேடுபவர்களுக்கு ஒரு நல்ல எச்சரிக்கை.

புலிட்சர் பரிசு மறுக்கப்பட்டது உண்மையா?

உண்மை. இதழியல், இலக்கியம், இசை ஆகியவற்றுக்கு வழங்கப்படும் இந்த அமெரிக்கப் பரிசின் இசைக்கான நடுவர் குழு, 1965-இல் அவருடைய வாழ்நாள் பணிக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கப் பரிந்துரைத்தது. பரிசு வாரியம் ஏற்கவில்லை. நடுவர் மூவரில் இருவர் பதவி விலகினார்கள். சின்ன வயதிலேயே நான் அதிகப் புகழ் பெற்றுவிடக் கூடாது என்று விதி கருணை காட்டுகிறது என்பதாக 66 வயது எலிங்டன் பதில் சொன்னார். பிறந்த நூற்றாண்டான 1999-இல், மறைந்து 25 ஆண்டுகளுக்குப் பின், அதே வாரியம் சிறப்புப் பாராட்டை அளித்தது.

இறுதி ஆண்டுகளில் என்ன செய்தார்?

ஓயாமல் பயணம் செய்தார், ஓயாமல் எழுதினார். 1965, 1968, 1973 ஆகிய ஆண்டுகளில் மூன்று புனித இசைக் கச்சேரிகளை அரங்கேற்றினார். தம் வாழ்வின் மிக முக்கியமான பணி அவையே என்று கருதினார். கேட்பவர்கள் எல்லோரும் அப்படி ஒப்புக்கொள்வதில்லை. முதலாவதில் வலு அதிகம் என்பது என் எண்ணம். நுரையீரல் புற்றுநோயாலும் நிமோனியாவாலும் அவர் இறந்தபோது, இறுதிச் சடங்குக்கு நியூயார்க் பேராலயத்தில் ஏறத்தாழ 12,000 பேர் கூடினார்கள். குழுவை மகன் மெர்சர் 1996 வரை நடத்தினார்.

எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

1940 முதல் 1942 வரையிலான பதிவுகளிலிருந்து. பேஸ் வாத்தியத்தைத் தாளம் காப்பதிலிருந்து விடுவித்துப் பாட வைத்த ஜிம்மி பிளான்டனும், டெனர் சாக்சபோனில் பென் வெப்ஸ்டரும் இருந்த காலம் அது. பிளான்டன் 23 வயதில் காசநோயால் இறந்துவிட்டார். ‘கோ-கோ’, ‘காட்டன் டெயில்’, ‘கான்செர்டோ ஃபார் கூட்டி’ ஆகிய மூன்றும் 1940-இல் பதிவானவை. ஒவ்வொன்றும் மூன்று நிமிட அளவே. ‘கான்செர்டோ ஃபார் கூட்டி’யை முதலில் எடுத்து, கூட்டி வில்லியம்ஸ் ஒரே மெட்டை எத்தனை குரல்களில் சொல்கிறார் என்பதை மட்டும் கவனித்துக் கேளுங்கள். அதன் பின் 1956 நியூபோர்ட், அதன் பின் ‘ஃபார் ஈஸ்ட் சூட்’. 1920-களின் பதிவுகளுக்குக் கடைசியில் செல்வது நல்லது. பழைய பதிவின் இரைச்சலுக்குக் காது பழகிய பிறகுதான் மைலி என்ன சொல்கிறார் என்பது கேட்கும்.